அஞ்சாவது பேரு

அதில்லண்ணே, ஸிப்பு நல்லாத்தான் இருக்கு. வெளிப்பக்கம் ஒண்ணும் செய்ய வேணாம். உள்ள இருக்கு பாருங்க லைனிங், அதத்தான் பிரிக்கணும். மெதுவா லா. கத்தரிக்கோல உள்ள விட்டு ஒரே வெட்டா வெட்டிராதீங்க. ஒவ்வொரு தையலா எடுங்க. எனக்கு அவசரம் இல்ல. அவசரம்தான், ஆனா நீங்க மெதுவா செய்யுங்க. நான் இங்கயே உக்காந்துக்குறேன், இந்த ஸ்டூலு சும்மாதானே கெடக்கு?

அண்ணே, கொஞ்சம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்களேன். பட்டுன்னு திரும்பாதீங்க! சும்மா பாக்குற மாதிரி பாருங்க. சாப்பாட்டுக் கடை வாசல்ல மோட்டார்ல ஒருத்தன் ஹெல்மெட்ட கழட்டாமலே நிக்கிறான், வந்ததுலேருந்து நிக்கிறான். என்னா? சாப்பாடு டெலிவரி பண்றவனா? உங்களுக்குத் தெரிஞ்ச பையனா? அப்பாடா. சரி, சிரிக்காதீங்க. ரெண்டு நாளா எனக்கு இப்படித்தான். காலையில கிள்ளான்லேருந்து கோமுட்டர் ரயில்ல வரேன், எதிர் சீட்டு ஆளு போன தூக்கிப் புடிச்சிக்கிட்டிருக்கான். என்னத்தான் படம் எடுக்குறான்னு நெனச்சு சுபாங் ஜெயாவுல எறங்கி அடுத்த பெட்டியில ஓடி ஏறுனேன். இந்த வயசுல, இந்த முட்டிய வச்சிக்கிட்டு.

தண்ணி இருந்தா குடுங்கண்ணே.

ஆமா, அந்தக் கறுப்பு நூலு நான் போட்டதுதான். கோணலாத்தான் இருக்கும். தையல் தெரியாத கை, அதுவும் ஆபீஸ் டாய்லெட்டுல உக்காந்து தைச்சது. நேத்து லஞ்ச் டைம்ல. வெளிய ரெண்டு பேரு கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்க, நான் உள்ள ஊசியில வெரல குத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல செக்யூரிட்டி கார்டு பைய தெறந்து பாப்பான்ண்ணே. தெனமும் பாக்க மாட்டான், ஆனா நேத்து பாத்தான். டிஃபன் பாக்ஸ கூட தெறந்து பாத்தான். லைனிங்க தடவிப் பாக்கல. பாத்திருந்தா இன்னைக்கு உங்க முன்னால நான் உக்காந்திருக்க மாட்டேன்.

ஐயோ, நகை இல்ல, கஞ்சா இல்ல, பயந்துராதீங்க. பேப்பர். வெறும் பேப்பரு. நீங்க பிரிச்சுக்கிட்டே இருங்க, நான் சொல்றேன். என்னால சொல்லாம இருக்க முடியல.

நான் கோர்ட்டுல வேல செய்யுறேன். எந்தக் கோர்ட்டுன்னு கேக்காதீங்க, இந்தச் சுத்து வட்டாரந்தான். கிரிமினல் ரெஜிஸ்ட்ரி. ஜட்ஜு முன்னால நிக்கிற வேல இல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற வேல. எந்தக் கேஸு, எந்த செக்‌ஷன், எத்தன பேரு, கடைசியில என்னா ஆச்சு, அத எழுதி வைக்கிறது. மொத மொதல்ல பெரிய புக்குல எழுதுனோம், அப்புறம் கம்ப்யூட்டரு. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அடுத்த ஏப்ரல்ல பென்ஷன். எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், என் கவர்மெண்டு வேலையிலதான் அது ஓடுது. எனக்கு வேல போச்சுன்னா அவரு கதி என்னா? அதான் பயம். ஜெயிலு கூட அப்புறந்தான்.

இருங்க, போன் அடிக்குது. ஆபீஸ் நம்பரு. எடுக்க மாட்டேன். இன்னைக்கு எமர்ஜென்சி லீவு சொல்லியிருக்கேன், வயித்து வலின்னு. அடிக்கட்டும். நின்னுரும்.

நின்னுச்சு.

சதிக் கேஸுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா அண்ணே? நூத்தி இருவது பி. ரெண்டு பேரு, மூணு பேரு, அஞ்சு பேரு கூடிப் பேசி ஒரு தப்பு செய்யத் திட்டம் போட்டாங்கன்னு போடுற கேஸு. ஒரே ஆளா சதி பண்ண முடியாது, கொறஞ்சது ரெண்டு பேரு வேணும். அதனால எங்களுக்கு அந்தக் கேஸுன்னா தலவலி. ஒரே கேஸ் நம்பருல அஞ்சு பேரு இருப்பான், அஞ்சு பேருக்கும் அஞ்சு முடிவு வரும். ஒருத்தன் குத்தத்த ஒத்துக்குவான், ஒருத்தன் ஓடிப் போயிருவான், ஒருத்தன் கேஸ் நடத்துவான். ஆனா மேல இருக்கிறவங்களுக்கு வேண்டியது நம்பர்தான். இந்த வருஷம் எத்தன சதிக் கேஸு, எத்தன பேரு உள்ள போனான். வருஷக் கடைசியில உயிர எடுப்பாங்க.

அதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருந்தோம். கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா இருக்கும்ல, அதுல மொத ஆளுக்கு நேரா சபித்னு அடிப்போம். மலாய்ல குத்தம் நிரூபணமாச்சுன்னு அர்த்தம். அப்புறம் அந்தக் கட்டத்து மூலைய மவுஸ்ல புடிச்சு கீழ இழுத்தா போதும். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, எல்லாத்துக்கும் அதுவே வந்துரும். இழுத்து விடுறதுன்னு சொல்லுவோம். என்னா மலர், இன்னும் இழுத்து விடலியான்னு கேப்பாங்க. வித்தியாசமா இருக்கிற ஆளுக்கு மட்டும் அப்புறமா மாத்தணும். மாத்தணும்.

ஒரு கேஸு வந்துச்சு. போர்ட் கிள்ளான் கேஸு. ஒரு கண்டெய்னர்லேருந்து காப்பர் கம்பி காணாமப் போச்சு. அஞ்சு பேர புடிச்சாங்க. லோரி ஓட்டுனவன், கார்டு, கிடங்குல ரெண்டு பேரு, அப்புறம் சரக்கு அனுப்புற பேப்பர்ல கையெழுத்து போட்ட ஃபார்வர்டிங் கிளார்க்கு. நாலு பேரு ஒத்துக்கிட்டான். அஞ்சாவது ஆளு, அந்தக் கிளார்க்கு, நான் செய்யலன்னு நின்னாரு. ரெண்டு வருஷம் தள்ளித் தள்ளிப் போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் வெள்ள சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து நிப்பாராம். கடைசியில எதிர்வாதமே தேவையில்ல, இவரு மேல கேஸே இல்ல, போகலாம்னு மாஜிஸ்திரேட் சொல்லிட்டாங்க. ரெண்டாயிரத்து பதினாறு.

என்னாண்ணே, நூலு சிக்கிக்கிச்சா? ஒரே தையலையே ரெண்டு தடவ வெட்டுறீங்க. காத்தாடிய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்.

சொல்றேன், சொல்றேன். விடுதலையானவங்க யாருமே பேப்பர் வாங்கிட்டுப் போறதில்லண்ணே. உள்ள போறவனுக்கு ஆயிரம் பேப்பர் இருக்கும். விட்டுட்டாங்கன்னு வையுங்க, வாயால சொல்லுவாங்க, அவ்வளவுதான், அந்தக் கட்டடத்த விட்டு ஓடினா போதும் சாமின்னு ஓடிருவாங்க. இவரும் ஓடிட்டாரு. எங்க ஆபீஸ்ல வருஷக் கடைசியில ஒரு கிளார்க்கு பொம்பள அந்தக் கேஸ எடுத்துச்சு. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நூத்தி எண்பது கேஸ் முடிக்கணும். மொத ஆளுக்கு சபித்து. புடிச்சு இழுத்து விட்டுச்சு. அஞ்சு வரைக்கும். அப்புறமா மாத்தலாம்னு நெனச்சுச்சு. மாத்தல. மறந்து போச்சுண்ணே. கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. வீட்டுக்குப் போற பஸ்ஸ நெனச்சுக்கிட்டிருந்துச்சு.

அந்த மனுஷன் கதை என்னா ஆச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? போர்ட்ல மறுபடியும் வேலைக்குப் போனாரு, பாஸ் எடுக்க ரெக்கார்டு பாத்தாங்க, சபித்து. கார்டு வேலைக்குப் போனாரு, சபித்து. டாக்சி லைசென்ஸு, அதுலயும் சபித்து. என்ன விட்டுட்டாங்கன்னு எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பாரு? கம்ப்யூட்டரு பொய் சொல்லுமான்னு எத்தன பேரு கேட்டிருப்பான்? வக்கீலத் தேடிப் போனா வக்கீலு செத்துட்டாரு, ஆபீஸ மூடிட்டாங்க. பொண்டாட்டி கூட ஒரு நாளு கேட்டுச்சாம், உண்மையச் சொல்லுங்க, எடுத்தீங்களான்னு.

அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? கவுண்டர்ல வந்து சொன்னாருண்ணே. அதான். நிறுத்தாதீங்க, பிரிங்க. நீங்க நிறுத்துனா என்னால பேச முடியாது.

மூணு தடவ வந்தாரு. இருவத்தொண்ணு, கோவிட் நேரம். எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கோம், நடுவுல கண்ணாடி, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக்கு. மொத தடவ அந்தக் கிளார்க்கு பொம்பள கம்ப்யூட்டரப் பாத்துட்டு, இங்க சபித்னு இருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிருச்சு. ரெண்டாவது தடவ வந்தப்ப அவரு கத்தல. கத்தியிருந்தா கார்ட கூப்பிட்டிருக்கும், முடிஞ்சிருக்கும். அக்கா, ஒரு தடவ ஃபைலப் பாருங்கக்கா, எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல திருடன் மகள்னு சொல்றாங்கக்கான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அவரு போனப்புறம் அது ஸ்டோருக்குப் போய் ஃபைலத் தேடி எடுத்துச்சு. மாஜிஸ்திரேட் கையெழுத்துல அஞ்சாவது பேருக்கு நேரா லெபாஸ்னு இருக்கு. விடுதலை. ரெண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருக்காங்க.

உடனே மாத்தியிருக்கலாம்லன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. நானும் தெனமும் கேக்குறேன். பெரியவருகிட்ட எடுத்துக்கிட்டுப் போச்சுண்ணே. மிஸ்டர் சிவகுருநாதன், அப்ப அவருதான் எங்க எல்லாருக்கும் மேல. நல்ல மனுஷன், தீபாவளிக்கு எல்லாருக்கும் முறுக்கு கொண்டாந்து குடுப்பாரு. பாத்தாரு, கண்ணாடிய கழட்டுனாரு. நாலு வருஷமா இந்த நம்பர் மேல போயிருக்கு, மந்திரி வாசிச்சிருக்காரு, பாராளுமன்றத்துல இருக்கு, இப்ப ஒண்ண மாத்துனா எல்லாத்தையும் தோண்டுவாங்க, எத்தன கேஸ இழுத்து விட்டிருக்கீங்கன்னு கேப்பாங்க, உங்க வேலையும் போகும் என் வேலையும் போகும்னாரு. ஃபைல் கெடைக்கலன்னு சொல்லிருங்கன்னாரு.

மூணாவது தடவ அவரு வந்தப்ப அந்தப் பொம்பள சொல்லிருச்சு. ஃபைல் கெடைக்கல, மன்னிச்சிருங்கன்னு. ஃபைலு எங்க இருந்துச்சு தெரியுமா? அது உக்காந்திருந்த நாற்காலிக்குப் பின்னால. முதுகுக்குப் பின்னால, ராக்குல. அவரு கண்ணாடி வழியா கைய நீட்டியிருந்தா தொட்டிருக்கலாம். அவரு என்னா சொன்னாரு தெரியுமா? பரவாயில்லக்கா, நீங்க தேடிப் பாத்தீங்களே, அது போதும்னு சொல்லிட்டு, ஒரு நேம் கார்ட கண்ணாடிக்கு அடியில தள்ளிட்டுப் போனாரு. கெடைச்சா கூப்பிடுங்கன்னு.

என்னாண்ணே... ஏன் என்ன அப்படிப் பாக்குறீங்க? பாக்காதீங்க லா. பைய பாருங்க. இன்னும் ஒரு பக்கந்தான் இருக்கு.

இப்ப ஏன் இதெல்லாம் சொல்றேன்னா, மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. பத்து வருஷத்து சதிக் கேஸ் எல்லாத்தையும் தனித்தனியா எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் முடிவு என்னான்னு ஃபைலோட சரிபாத்து அனுப்பணுமாம். நல்ல விஷயந்தானே? நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். முட்டாளு. சரிபாக்க எங்கண்ணே நேரம்? திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள ஒரு ஃபாரம் குடுப்பாங்க, எல்லாம் ஃபைலோட பாத்தாச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்து போடணும். செவ்வாய்க்கிழம பழைய ஃபைலெல்லாம் லோரியில ஏத்தி அழிக்க அனுப்புறாங்க. அந்த ஃபைலும் அதுல இருக்கு, லிஸ்ட்ல பாத்தேன். அது போயிருச்சுன்னா அந்த மனுஷன் விடுதலையானதுக்கு இந்த உலகத்துல சாட்சியே கெடையாது. கம்ப்யூட்டர் சொல்றதுதான் அப்புறம் நெஜம்.

நேத்து அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்தேன். சரியான நகல்னு ஆபீஸ் முத்திரை இருக்குல்ல, அந்த சாப்பு குத்துனேன், கையெழுத்து போட்டேன். சாப்பு குத்துறது என் வேலதான், ஆனா மனு இல்லாம, யாரும் கேக்காம, யாருக்கும் தெரியாம குத்துறது என் வேல இல்ல. மடிச்சு லைனிங்ல வச்சு தைச்சேன். ராத்திரியெல்லாம் பைய கட்டிப் புடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். வீட்டுக்காரரு கேட்டாரு, என்னா அதுல தங்கக் கட்டியா வச்சிருக்கன்னு. அவருகிட்ட சொல்லல. பாவம், அவருக்கு பிரஷர் ஏறிரும்.

என்னாத்தப் போடுவாங்கன்னும் எனக்குத் தெரியும்ண்ணே. முப்பத்தோரு வருஷம் அதையேதானே எழுதுறேன். பெரியவரு சொன்னாரு, கிளார்க்கு கேட்டுச்சு. ரெண்டு பேரு கூடிப் பேசி கவர்மெண்டு ரெக்கார்ட மறைச்சாங்க. ரெண்டு பேரு போதும். நூத்தி இருவது பி. என் கையால ஆயிரம் தடவ அடிச்ச நம்பரு. பெரியவரு ரிட்டயர் ஆகி ஆஸ்திரேலியாவுல மகன்கூட இருக்காரு. அப்ப கேஸ்ல மொத பேரு யாரு பேரா இருக்கும், சொல்லுங்க.

ஆங், அதான். தெரியுதா வெள்ளையா? கிழிச்சிராதீங்க. மொள்ள உருவுங்க. ரெண்டு பேப்பர் இருக்கும், ஒண்ணா மடிச்சிருக்கேன். மேல இருக்கிறது நகலு. கீழ இருக்கிறது நடந்ததையெல்லாம் இன்னைக்கு காலையில எழுதுனது, இங்க மேல மாடியில கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் இருக்காருல்ல, அவரு முன்னால சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டேன். எழுதினப்புறம் லைனிங்க ஒரு ஓரம் பிரிச்சு, அதையும் உள்ள வச்சு, மறுபடியும் அவரு டாய்லெட்டுல உக்காந்து தைச்சேன். பைத்தியந்தான். படி எறங்குறதுக்குள்ள யாராவது புடுங்கிருவாங்கன்னு பயம்.

படிங்க. சத்தமா வேணாம். மலாய்லதான் இருக்கு, உங்களுக்குத் தெரியும். அஞ்சாவது பேரப் படிங்க.

ஆமா. விஜயன் ஏ/எல் அய்யாவு, அய்யாவு மகன் விஜயன். தப்பில்ல, உங்க பேருதான். அடையாள அட்டையில இருக்கிற உங்க ஐசி நம்பருதான்.

உக்காருங்க. ஏன் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்கண்ணே. இந்தாங்க, தண்ணி.

கேளுங்க, நல்லா கேட்டுக்குங்க, அப்புறம் எனக்கு இதச் சொல்ல தைரியம் வராது. திங்கக்கிழம எட்டு மணிக்கே வாங்க. கதவு தெறக்கும்போதே நில்லுங்க. எழுதிக் குடுத்துக் கேளுங்க, கேஸ் நம்பர் அதுல இருக்கு. யாராவது ஃபைல் இல்லன்னு சொன்னா நம்பாதீங்க. ரெண்டாவது ராக்கு, மேல் தட்டு, பச்சை அட்டை. இந்த நகல அங்க குடுத்துராதீங்க, காட்டுங்க, திரும்ப வாங்கி வச்சிக்குங்க. ஒரு வக்கீலக் கூட்டிட்டு வாங்க. ரெண்டாவது பேப்பர வக்கீலுகிட்ட மட்டும் குடுங்க.

உங்க நேம் கார்டா? இந்தாங்க. என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலயே நாலு வருஷமா இருந்துச்சு. ஜனனி டைலரிங், பிரிக்ஃபீல்ட்ஸ். அது உங்க பொண்ணு பேரா? நல்ல பேரு. நாலு வருஷமா தெனமும் படிக்கிறேன்.

இல்லண்ணே, அந்தப் பொம்பள கூட வேல செஞ்ச ஆளு இல்ல நான். குரலு ஞாபகம் இல்லியா? மாஸ்க் போட்டிருந்தேன், தெரிஞ்சிருக்காது. மூணாம் நம்பர் கவுண்டரு. அக்கான்னு கூப்பிட்டீங்க.

நான்தான் இழுத்து விட்டேன். திங்கக்கிழமயும் மூணாம் நம்பர்ல நான்தான் இருப்பேன், மாஸ்க் போட மாட்டேன். அண்ணே... அந்தக் கத்தரிக்கோல மட்டும் கொஞ்சம் கீழ வைங்களேன். பயமா இருக்கு.